சூசை ஜெயித்த முதல் பெரிய சண்டை

சூசையின் முகத்தில் ஒரு பக்கம் மழித்தாகிவிட்டது. மறு பக்கம் சோப்பு நுரை. நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கிடக்கிறான். அவனைச் சுற்றி இருந்துகொண்டு நாங்கள் மூன்று பேர் அவனைப் பற்றியே வாதாடிக்கொண்டிருக்கிறோம், அவன் அங்கே இல்லாத மாதிரி.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வேலுவின் முடிவெட்டும் கடை. ஞாயிற்றுக்கிழமை காலை. மாதா கோயில் பூசை முடிந்ததும் சூசை நேராக அங்கேதான் வருவான். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. கையில் வேலை இல்லாதவர்கள் எல்லாம் வேலு கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து வாய்க்கு வேலை கொடுப்பார்கள். படிகாரக் கட்டி, ஈரத் துண்டு, பக்கத்துக் கடையில் வறுபடும் காப்பிக்கொட்டை. இதை எழுதும்போதும் எனக்கு அந்த வாசனை வருகிறது.

சூசை அப்போது பெயர் பெற்ற குத்துச்சண்டைக்காரன். கோலாலம்பூரில் ரிக்‌ஷா இழுக்கிற சீனனுக்குக்கூட அவன் முகம் தெரியும். ஆனால் அந்த மாதம்தான் சிங்கப்பூரில் ஒரு மணிலாக்காரனிடம் எட்டாவது ரவுண்டில் தோற்றுவிட்டு வந்திருந்தான். பேச்சு அதிலிருந்துதான் கிளம்பியது.

வேலு கத்தியைத் தோல் வாரில் தீட்டிக்கொண்டே சொன்னான். "முதல்ல யாரை அடிச்சான், எப்படி அடிச்சான், அதுதான்யா நிக்கும். கிள்ளான் வீரய்யாவை அஞ்சாவது ரவுண்டுல சாய்ச்சான் பாரு, அது சூசை. இப்ப ஒரு மணிலாக்காரன்கிட்ட விழுந்தா என்ன? விழாதவன் யாரு?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிராணி கந்தையா சிரித்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலை. சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். "வேலு, நீர் சவரத்தைப் பாரும். மணிலாக்காரனோட எட்டு ரவுண்டு நிண்டானே, அதுதான் பெருமை. தோத்தாலும் பெருமை. முதல்ல அடிச்சதெல்லாம் ஒரு வெற்றியே?"

"கிராணியாரே," என்றேன் நான், "முதல் பெரிய வெற்றி இல்லன்னா மணிலாக்காரன் இவன் மூஞ்சியையே பாத்திருக்க மாட்டான் லா. அந்த வீரய்யா சண்டைதான் இவனுக்கு அஸ்திவாரம். அதைப் போட்டவன் நான்."

கிராணிக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்ல அஸ்திவாரம்! அந்தச் சண்டை முடிஞ்ச நாலாம் நாள் வீரய்யா பத்துமலையில காவடி எடுத்தவன். கண் வீங்கினபடி எடுத்தவன். நான் என்ர கண்ணால பார்த்தனான். ஒரு மண்டலம் விரதம் இருந்தவனை அடிச்சுப்போட்டுச் சாம்பியன் எண்டால், நானும் சாம்பியன்தான்!"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சூசை கண்ணைத் திறந்தான். வேலுவின் கத்தி அவன் தாடைக்குக் கீழே அப்படியே நின்றது.

நான் அப்போது கண்ணாடியில் என் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குள்ளிருந்து சூசை என்னைப் பார்த்தான்.

வந்த கடிதங்கள்

அவன் என்ன கேட்டான், நான் என்ன சொன்னேன் என்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்பு இந்தப் பத்திரிகைத் தொடரில் சூசையின் பெயரை ஒரு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று ஆசிரியரே எதிர்பார்க்கவில்லை. ரவாங்கிலிருந்து ஒருவர் எழுதுகிறார், சூசையைப் போல வீரன் இனிப் பிறக்கப்போவதில்லை, ஆரம்பத்தில் வரிசையாக ஜெயித்ததே சாட்சி என்று. செந்தூல்காரர் ஒருவர், அதெல்லாம் நோஞ்சான்களைப் பிடித்துவந்து நிறுத்திய சண்டை என்று தன் தகப்பனார் சொல்லுவார் என்கிறார். இரண்டு பேருமே சூசையைப் பார்த்தவர்கள் இல்லை.

பார்த்தவன் நான். மேடையில் அவன் மூலையில் தண்ணீர்ப் போத்தலும் துண்டுமாக நின்றவன் நான். அந்த நோஞ்சான்களைத் தேடிப் பிடித்தவனும் நானே. இன்று உயிரோடு இருக்கிறவர்களில் இதைச் சொல்லக்கூடியவன் வேறு ஒருவன் கிடையாது.

சூசைக்குக் கல்லறை இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் போனான், திரும்பவில்லை. கல்லறை இருந்தால் அதில் எதையாவது பொறித்திருப்பார்கள், வாதம் முடிந்திருக்கும். இல்லாததால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்காக: நான் ரவாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு வரைதான். அதிலும் பாதி நாள் வாத்தியார் ஆட்டுக்குத் தழை பறித்தேன். இன்றைக்குக் கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் வரை என் லோரி ஓடாத ரோடு கிடையாது. ஒருவனும் கைதூக்கி விடவில்லை. எல்லாம் இந்த மூளை. இந்தத் தொடரையும் நானே பென்சிலால் எழுதுகிறேன். ஆசிரியர் பிழை மட்டும் திருத்துகிறார், மற்றதில் கை வைக்க விடுவதில்லை.

கரி அள்ளிய தோள்

சூசையை நான் கண்டுபிடித்தது ஒரு சோடா போத்தலால்.

கேளிக்கைப் பூங்காவில் நான் சோடா விற்றுக்கொண்டிருந்தேன். அங்கே சனிக்கிழமை சாயங்காலம் கயிறு கட்டின மேடையில் குத்துச்சண்டை நடக்கும். ஒரு நாள் குடித்துவிட்டு வந்த ஒரு கப்பல்காரன் என் போத்தலைப் பிடுங்கினான். பக்கத்தில் நின்ற ஒரு தமிழ்ப் பையன் ஒரே ஒரு குத்து விட்டான். கப்பல்காரன் சோடா வண்டிக்கு அடியில் போய் விழுந்தான். எட்டு போத்தல் உடைந்தது. எனக்குக் கோபமே வரவில்லை. அந்தத் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சூசை ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவன். தகப்பனாரும் ரயில்வே. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீட்டில் குடியிருந்தார்கள். தினமும் சவளால் கரி அள்ளி அள்ளித் தோளும் முதுகும் அடுப்புக் கல் மாதிரி ஆகியிருந்தன. ஆனால் ஆள் கூச்சக்காரன். யாராவது அதட்டினால் நகர்ந்து வழி விடுவான். அந்தக் கப்பல்காரனை அடித்ததற்கு மறுநாள் கோயிலில் போய்ப் பாவசங்கீர்த்தனம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்!

"டேய், உனக்குப் பலம் இருக்கு, நம்பிக்கை இல்ல," என்றேன்.

"நம்பிக்கைக்கு நான் எங்க போறது ரங்கா?" என்றான்.

அதை வாங்கித் தருவது என் வேலை என்று எடுத்துக்கொண்டேன். முதல் மூன்று சண்டைக்கு நான் பிடித்துவந்த ஆட்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒருவன் பாசாரில் மீன் கூடை தூக்குகிறவன், ஒரு கண் சரியாகத் தெரியாது. இன்னொருவனுக்குக் கூட்டத்தைப் பார்த்ததும் கால் நடுங்கியது. மூன்றாமவன் என் சொந்தக்காரன், அவனே விழுந்துவிட்டான். சூசைக்கு இது எதுவும் தெரியாது. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் ஒரு விரற்கடை நிமிர்ந்து நடந்தான். அந்த நடையைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று இப்போது எப்படிச் சொல்லுவேன்? வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து, கரி படிந்த முகத்தோடு தண்டவாளத்தைத் தாண்டி என்னைத் தேடி வருவான். தூரத்திலேயே "டேய் ரங்கா!" என்பான். எனக்கு எத்தனையோ பேர் சலாம் வைக்கிறார்கள் இப்போது. அந்த மாதிரி என்னைக் கூப்பிட ஒருவரும் இல்லை.

மழை தள்ளிய சண்டை

நான்காவது சண்டைதான் வீரய்யா.

வீரய்யா கிள்ளான்காரன். மாட்டு வண்டி வைத்துத் துறைமுகத்துக்குச் சாமான் ஏற்றுகிறவன். கப்பல்காரர்களோடு பழகிக் குத்துச்சண்டை கற்றவன். இடது கை பாம்பு மாதிரி நீளும். சிலாங்கூரில் அப்போது அவனை ஜெயித்த தமிழன் இல்லை. அவனை அடித்தால் பட்டச் சண்டைக்கு நேரே போகலாம்.

கார்த்திகை மாதத்தில் நாள் குறித்தோம். மழை. மேடை திறந்த வெளியில் இருந்தது. கித்தான் எல்லாம் ஊறிப்போனது. தள்ளி வைத்தார்கள். மறுபடியும் மழை, மறுபடியும் தள்ளினார்கள். கடைசியில் பொங்கல் கழித்து ஒரு சனிக்கிழமைக்குப் போனது. தைப்பூசத்துக்கு நாலு நாள் முன்னால். பூங்காவை நடத்திய சீன முதலாளித் தவுக்கேக்குத் தைப்பூசம் எது என்று தெரியாது. சூசை வேதக்காரன், அவனுக்கும் அந்தக் கணக்கு மனதில் ஓடவில்லை. எனக்கு ஓடியது. ஆனால் வீரய்யாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன்.

புது நாளைச் சொல்லிவிட்டு வர நான்தான் கிள்ளானுக்கு ரயிலேறிப் போனேன். வீரய்யா மஞ்சள் வேட்டி கட்டி, கழுத்தில் உருத்திராட்சம் போட்டு, தரையில் பாய்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"என்ன வீரய்யா இது?"

"பிள்ளைக்கு ஜுரம் வந்து இழுத்துக்கிச்சுண்ணே. பொழச்சா காவடி எடுக்கிறேன்னு முருகனுக்கு வேண்டிக்கிட்டேன். பொழச்சிருச்சு."

"சண்டை இருக்கேய்யா."

"வாக்குக் குடுத்தாச்சு. வரேன்."

"சாப்பாடு?"

"ஒரு வேளை. பச்சரிசிச் சோறு, பருப்பு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணே. சூசையைப் பாத்துப் பயந்துக்கிட்டு சாமியைச் சாக்கு சொல்றான்னு பேசுவாங்க."

தவுக்கேயிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இரண்டு தடவை தள்ளியவர் மூன்றாம் தடவையும் தள்ளியிருப்பார். வீரய்யா கேட்டுக்கொண்டதால்தான் சொல்லவில்லை என்று பின்னால் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த வயதில் எதற்குப் பொய்? சூசை ஜெயிக்க வேண்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து விசில் அடித்துக்கொண்டே வந்தேன்.

சண்டையன்று வெள்ளைக்கார நடுவர் வீரய்யாவின் நெற்றியில் இருந்த விபூதியை ஈரத் துண்டால் துடைக்கச் சொன்னார், வேர்வையில் கண்ணில் இறங்கும் என்று. மாலையைக் கழற்றித் துணியில் முடிந்து தன் ஆளிடம் கொடுத்துவிட்டு வீரய்யா மேடை ஏறினான்.

மூன்று ரவுண்டு அவன் இடது கை சூசையைக் கிட்டே நெருங்க விடவில்லை. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் சூசை வலது பக்கத்தைத் திறந்துபோட்டு நின்றபோதெல்லாம் வர வேண்டிய குத்து வரவில்லை. மணி அடித்து மூலைக்கு வந்தவன் என்னைக் கேட்டான். "ரங்கா, இவன் ஏன்டா என்னை அடிக்க மாட்டேங்கிறான்?"

"உன்னைப் பாத்து நடுங்குறான். போடு!" என்றேன்.

ஐந்தாவது ரவுண்டில் வீரய்யாவின் கால் மடிந்தது. அவ்வளவுதான். 'பிரிக்பீல்ட்ஸ் புலி' என்ற பெயரை அன்றைக்கே நான் வைத்தேன். மறு வாரம் போஸ்டரில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஈப்போ, பினாங்கு, பட்டம். எதிரே நின்றவர்கள் யாரும் நோஞ்சான் இல்லை, எல்லாம் அசல் ஆட்கள். நான் பிடித்து வரவில்லை. அவனே அடித்தான்.

பாதி முகம்

"ரங்கா," என்றான் சூசை கண்ணாடிக்குள்ளிருந்து. "உனக்குத் தெரியுமா?"

எந்தச் சபையிலும் பேசக்கூடியவன் நான். அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. "தெரியும்."

சூசை எழுந்தான். துண்டால் நுரையைத் துடைத்தான். வேலு பதறினான். "அண்ணே, ஒரு கன்னம் பாக்கி இருக்கே!" சூசை காதில் வாங்காமல் தெருவில் இறங்கி ஸ்டேஷனைப் பார்த்து நடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன்.

கிள்ளான் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். மழித்த கன்னமும் மழிக்காத கன்னமுமாக இருந்தான், ஜனங்கள் பார்த்தார்கள். அவனுக்கு அது உறைக்கவில்லை. எனக்கு வாய் திறந்துகொண்டது. என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் பேசியதில்லை.

"சூசை, நான் சொல்றதைக் கேளு. அன்னிக்கு நீ தோத்திருந்தா இன்னிக்கும் கரி மட்டும்தான் அள்ளிக்கிட்டிருப்ப. ஜெயிச்சதால உனக்கு நம்பிக்கை வந்துச்சு. அந்த நம்பிக்கையில ஈப்போக்காரனை அடிச்ச, பினாங்குக்காரனை அடிச்ச. அதெல்லாம் பொய்யா? முதல் படி கொஞ்சம் கோணலா இருந்தா என்ன, நீ மாடிக்குப் போயிட்ட இல்ல?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான். "அப்ப அது என் நம்பிக்கை இல்லடா. வீரய்யாவோட பட்டினி."



மாடு குளிப்பாட்டியவன்

வீரய்யா கொட்டகைக்கு வெளியே வைக்கோல் சுருளால் மாட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆறேழு வயதில் ஒரு பெண் பிள்ளை, இரட்டைச் சடை, தகரக் குவளையில் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தது. சூசையைப் பார்த்ததும் வீரய்யாவுக்கு வாயெல்லாம் பல்.

"வாங்கண்ணே! என்னண்ணே, பாதி மூஞ்சியை எங்க விட்டுட்டு வந்தீங்க?"

சூசை சிரிக்கவில்லை. "நீ விரதத்தோடயா என்கூட ஏறின?"

வீரய்யா என்னைப் பார்த்தான். பிறகு மாட்டைப் பார்த்தான். "ஆமாண்ணே. அதுக்கென்ன இப்ப? இந்தா நிக்குதே இதுக்காகத்தான்," என்று அந்தப் பிள்ளையின் தலையைத் தொட்டான்.

"இன்னொரு தடவை ஏறுவோம். நல்லா சாப்பிட்டுட்டு வா. நீ சொல்ற நாள், நீ சொல்ற இடம்."

"முடியாதுண்ணே."

"ஏன்? பயமா?"

"காவடி இறக்கி வைக்கும்போது இன்னொண்ணும் வேண்டிக்கிட்டேன். இனிமே இந்தக் கையை யார் மேலயும் ஓங்கறதில்லைன்னு. மாட்டைக்கூட அடிக்கிறதில்ல. கிள்ளான்ல இருக்கிற மாடெல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்குது."

சூசை அப்படியே கொட்டகை மரத்தில் சாய்ந்தான். அவன் அங்கே எதைத் தேடி வந்தானோ அது கிடைக்காது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. சண்டையில் தோற்றபோதுகூட அவன் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"சரி, ஏற வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லு. நீ சாப்பிட்டுட்டு வந்திருந்தா யாரு ஜெயிச்சிருப்பா?"

வீரய்யா வைக்கோலைப் பிழிந்து ஓரமாக வைத்தான். "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. நான் அதை நெனைக்காத நாள் இல்லண்ணே. துறைமுகத்துக்கு வண்டி ஓட்டிப் போகும்போதெல்லாம் உங்களோட சண்டை போட்டுக்கிட்டேதான் போறேன். பாலம் தாண்டறதுக்குள்ள ஆறு ரவுண்டு. சில நாள் நான் ஜெயிக்கிறேன். சில நாள் நீங்க."

"நிசமா?"

"முருகன் சத்தியமா."

"நானும்தான்யா," என்றான் சூசை. "எஞ்சின்ல நிக்கும்போது. ஆனா என் சண்டையில எப்பவும் நான்தான் ஜெயிப்பேன். அது ஏன்னு இப்பதான் தெரியுது." பிறகு கிட்டே போய்க் கேட்டான். "மூணாவது ரவுண்டுல என் வலது பக்கம் தொறந்து கிடந்துச்சே. ஏன் அடிக்கல?"

"கோவம் வரலைண்ணே. விரதத்துல கோவப்படக்கூடாது."

"கோவம் இல்லாம அடிச்சிருக்கலாம் இல்ல?"

"அது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

சூசை கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு தொட்டியில் உட்கார்ந்தான். வீரய்யா எதிரே குந்தினான். இரண்டு பேரும் அந்தச் சண்டையை முதல் மணியிலிருந்து திரும்பப் பேச ஆரம்பித்தார்கள். இங்கே நீ நகர்ந்தாய், அங்கே நான் குனிந்தேன். சூசை கையைத் தூக்கிக் காட்டுவான். வீரய்யா கையைத் தூக்காமல் மோவாயால் காட்டுவான். அந்தப் பிள்ளை ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றது. வீரய்யாவின் மனைவி வரக்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள், எனக்கும் ஒன்று. நான் மாட்டுப் பக்கம் நின்று குடித்தேன். அந்த ஐந்து ரவுண்டையும் அவர்கள் இருவரையும் விட நன்றாகப் பார்த்தவன் நான். ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை.

புறப்படும்போது வீரய்யா என் கையைப் பிடித்தான். "உங்க மேல எனக்கு வருத்தம் இல்லண்ணே. நான்தானே சொல்லாதீங்கன்னேன்."

திட்டியிருக்கலாம்.

ஒன்று குறைத்துச் சொல்லு

சூசை என்னோடு சண்டை போடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அடுத்த சண்டைக்கு நான் போத்தலும் துண்டுமாகப் போனேன். அவன் மூலையில் ரயில்வேக்காரன் ஒருவன் நின்றான். "இன்னிக்கு இவன் பாத்துக்கிறான் ரங்கா," என்றான் சூசை, சாதாரணமாக.

அறிவிக்கிறவன் குழாய் ஒலிபெருக்கியைத் தூக்கி, சூசையின் வெற்றிகளை மலாயிலும் இங்கிலீஷிலும் தமிழிலும் சொல்ல வாயெடுத்தான். சூசை அவன் தோளைத் தொட்டான். "ஒண்ணு கொறைச்சுச் சொல்லு. கிள்ளான் வீரய்யா சண்டை சேராது."

முன் வரிசைச் சனங்களுக்குக் கேட்டது. பின்வரிசை வரை பரவியது. யாரோ கைதட்டினார்கள், யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். நான் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் நிமிர்த்தி விட்டதாக நினைத்திருந்த முதுகு. அது இப்போது என் உதவி இல்லாமலேயே நேராக நின்றது. அன்றைக்குப் பத்து ரவுண்டும் நின்று ஜெயித்தான். அந்த வருஷத்தோடு சண்டையை விட்டுவிட்டு முழு நேரமும் எஞ்சினுக்கே போய்விட்டான்.

வேலு கடையில் வாதம் ஓயவில்லை, ஆட்கள்தான் இடம் மாறினார்கள். "கையில இருந்த வெற்றியைத் தூக்கிப் போட்டவன் பைத்தியக்காரன்," என்று வேலு கத்தியை ஆட்டுவான். கிராணி கந்தையா மெதுவாகச் சொல்வார், "அவன் வென்றதிலயே பெரிய வெற்றி உதுதான்." என்னைக் கேட்பார்கள். எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும், எழுந்து போய்விடுவேன்.

ரவாங்காரருக்கும் செந்தூல்காரருக்கும் என் பதில் இதுதான்: அந்த முதல் பெரிய வெற்றி இல்லாவிட்டால் சூசை இல்லை. அதை அவன் தள்ளியிருக்காவிட்டால் இன்று நீங்கள் கடிதம் எழுத அவனிடம் ஒன்றும் இருந்திருக்காது. இரண்டும் உண்மை. இதை அவனிடமே சொல்ல வேண்டும் என்று நெடு நாள் வைத்திருந்தேன்.

பத்துமலை ரோடு

சொல்ல ஒரு நாள் வந்தது.

ஒன்றிரண்டு வருஷம் கழித்து, தைப்பூசம். எனக்கு அப்போது முதல் லோரி வந்துவிட்டது. புதுச் சிவப்புச் சாயம், பக்கத்தில் என் பெயர். கிள்ளானிலிருந்து ஒரு லோரி ஜனத்தை ஏற்றிக்கொண்டு நானே ஓட்டி வந்தேன். வெயில் ஏறி, தார் உருகிக் காலில் ஒட்டியது. வேப்பிலை, சாம்பிராணி, உடைத்த தேங்காய். மேளத்தில் காது அடைத்துப்போனது. லோரியை ஓரம் கட்டிவிட்டு ரோட்டு விளிம்பில் நின்றேன்.

வீரய்யாவின் காவடி வந்தது. மயிற்பீலி ஆடியது. அவன் கண் பாதி மூடியிருந்தது. உடம்பு வேர்வையில் மினுமினுத்தது. பின்னால் அவன் மனைவி, அந்தப் பெண் பிள்ளை, கொஞ்சம் வளர்ந்து, பால் செம்பு தூக்கிக்கொண்டு.

அவனுக்கு முன்னால் ஒருவன் குனிந்து பின்னோக்கியே நடந்து வந்தான். கையில் மஞ்சள் தண்ணீர் வாளி. வீரய்யா ஓர் அடி வைப்பான். இவன் அந்தப் பாதத்தில் தண்ணீர் ஊற்றுவான். அடுத்த அடி, அடுத்த ஊற்று. குனியும்போது கழுத்தில் தொங்கிய மாதா பதக்கம் முன்னால் வந்து ஆடியது. அந்தத் தோளை நான் எந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டுவிடுவேன்.

வாளி தீர்ந்தது. சூசை நிமிர்ந்தான். வேர்வையைப் புறங்கையால் வழித்தவன் என்னைப் பார்த்துவிட்டான்.

முதலில் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு சிரித்தான். மேளத்தில் குரல் கேட்கவில்லை. வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. "டேய் ரங்கா." அவன் காலடியில் இன்னொரு வாளி நிரம்பி நின்றது. அதை மோவாயால் காட்டினான். வந்து தூக்கு என்று அர்த்தம்.

என் கால் நகரவில்லை. கூட்டம் அதிகம், தாண்டிப் போக முடியாது என்று சொல்லிக்கொண்டேன். புது வேட்டி மஞ்சளாகும் என்றும் சொல்லிக்கொண்டேன். சூசை கொஞ்ச நேரம் பார்த்தான். வீரய்யா அடுத்த அடி வைக்கக் காலைத் தூக்கிவிட்டான். சூசை அந்த வாளியைத் தானே எடுத்துக்கொண்டு குனிந்தான்.

எங்கள் நடுவில் நாலைந்து பேர்தான் நின்றிருந்தார்கள்.